வேட்டை நாயும் ஐம்பொறியும்

திருத்தொண்டர் புராணத்துள் கண்ணப்ப நாயனார் புராணத்து வேட்டைப் பகுதி, சைவ நன்மக்கள் பலரால் விரைந்து கடந்து செல்லப்படுவதொன்று. கொலை விரவிய இடமாதலின், புலால் மறுத்த அன்பர்கள் அதனை ஒருவாறு நீங்கித் திருக்காளத்தி மலைச்சாரலை அடைதலையே விழைகின்றனர். புலவர்களோ அதன் முடுகிய சந்தத்தைப் பாராட்டிவிட்டுப் பொருளை நழுவ விடுகின்றனர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே, அப்பகுதியிலுள்ள ஓர் அரிய உவமை தன் முழுப்பயனும் கொள்ளப்படாமற் கிடக்கின்றது. வலையினின்றும் தப்பி ஓடும் விலங்குகளை மறித்துப் பற்றும் நாய்கள், இருவினையாகிய வலையிற் கிடந்து சுழல்வாரது மனம் நன்னெறியிற் புகுங்கால் அதனை இடையே தடுக்கும் பொறிகளை ஒத்தன என்பது அவ்வுவமை. வேட்டையின் நடுவே சமயக்கருத்தொன்று வலிந்து செருகப்பட்டதென்று இதனைக் குறை கூறுவாரும் உளர். செருகப்பட்டதோ, வேட்டையினின்றே முளைத்ததோ என்பது ஆராயத்தக்கது.

உவமையை அளக்குமுன் வேட்டையை அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்ற பின்னர் இத்தகைய வேட்டை இந்நாட்டிற் குற்றமாயிற்று. ஆகலின் இக்காலத்துப் படிப்போர்க்கு அது பெரும்பாலும் நூலளவில் நிற்பதே. நாய்வேட்டை என்றவுடன், தென்பாண்டிக் கரிசல் வெளியில் முயலைக் கண்ணாற் கண்டு துரத்தும் கன்னி, சிப்பிப்பாறை முதலிய நெடுங்கால் நாய்களே பலர்க்கு நினைவில் எழும். அது வெட்டவெளி வேட்டை. அங்கே நாயின் கண்ணும் காலும் வேலை செய்யும். புதல் செறிந்த காட்டிலோ கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. காலுக்கு ஓட இடமிராது. ஆண்டு நாயின் மூக்கே தொழில் புரியும். அதற்குத் துணையாக மனிதனது வலையும் வேண்டும்.

முயலின் இயல்பு இதற்குக் காரணம். தமிழ்நாட்டுக் காட்டுமுயல் வளை தோண்டி வாழ்வதன்று. இரவெல்லாம் புல்லும் தளிரும் மேய்ந்து, பகலிற் புதலின் அடியில் தன் உடம்பு கொள்ளுமளவே அமைந்த சிறு கிடையிற் பதுங்கியிருக்கும். ஓட்டத்தினும் அசையாமையையே அது முதற்கண் நம்பும். ஆள் காலடி அணுகும் வரையில் கிடந்த கிடை பெயராது. எழுந்து பாய்ந்துவிடின், கண்ட இடமெல்லாம் ஓடாமல் தான் நாளும் பயின்ற தடத்தையே பெரும்பாலும் நாடும். ஆதலின், அடர்ந்த புதலில் முயல் பிடிக்க வேண்டுவோன் செய்யத்தக்கவை இரண்டு. கிடக்கும் முயலை எழுப்புதல் ஒன்று. எழுந்த முயல் போகும் வழியை அடைத்தல் மற்றொன்று. முன்னது நாயின் செயல். பின்னது வலையின் செயல். நாயின்றி வலை மட்டும் இருப்பின் முயல் எழாது. வலையின்றி நாய் மட்டும் இருப்பின் எழுந்த முயல் நில்லாது.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இவ்வேட்டையைச் சில அடிகளிலே காட்டிவிடுகின்றார். தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணன் வழியிடையே காணும் எயினரது வாழ்க்கையைக் கூறுமிடம் அது. எயினர் நள்ளிரவில், நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்கிக் குழியினுள் ஒடுங்கியிருப்பர். அவ்விரவு வேட்டை வாயாதாயின், பகலில் நாய்களோடு சென்று பசிய புதர்களை அடித்துக் கலைப்பர். வேலியின் வாய்களில் வலைகளைத் தொடர்ந்து மாட்டி, தாமரையின் புறவிதழ் போன்ற நெடிய செவியையுடைய முயல்களைப் போக்கிடமின்றி வளைப்பர். பின்னர்க் காட்டிலேயே கூடியிருந்து பகிர்ந்துண்பர். பகற்பொழுதைப் புலவர் விதந்து கூறியது வாளா அன்று. இரவில் மேயும் முயல் புதலில் ஒடுங்கியிருப்பது பகலிலேயாம். செவிக்குத் தாமரையின் அகவிதழைக் கூறாது, நிறமும் மென்மையும் குறைந்த புறவிதழைத் தேர்ந்து கூறியதும் அத்தகையதே. எயினர் வாழ்க்கையிற் பன்றியே பெருவேட்டை. முயல் அது தவறியவிடத்துக் கொள்ளும் ஆறுதல் என்பதும் அவ்வடிகளாற் போதரும். இவ்வொழுங்கு பின்னர்ச் சேக்கிழாரிடத்தே எங்ஙனம் மாறுகின்றதென்பது காணப்படும்.

நாயைப் பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டு நோக்கற்பாலது. பழம்புலவர் மகளிரது சிற்றடிக்கு நாயின் நாவை உவமை கூறுதல் வழக்கு. பொருநராற்றுப்படை, வருந்திய நாயின் நாவைக் கூறும். நற்றிணை 252-ஆம் செய்யுளோ ஒருபடி மேற்சென்று, முயல்வேட்டைக்கெனச் சினந்து விரைந்தெழுந்த நாயின் நாவையே தலைவியின் அடிக்கு உவமையாக்கிற்று. இனிச் சேக்கிழார் நாய்களை அறிமுகஞ் செய்யும் செய்யுளைக் காண்க. திண்ணனாரது கன்னிவேட்டைக்கு உடுப்பூரினின்றும் புறப்படும் கூட்டத்தில், வலிய கையினர் கட்டுக்கயிற்றைப் பற்றி நடத்த, ஒன்றோடொன்று முட்டாமல் நாய்கள் ஓடுகின்றன. அவற்றின் வாயினின்று செந்நா வெளிப்பட்டு மீள்கின்றது. வேடரது வில்லின்மேல் வீற்றிருக்கும் வெற்றிமகளின் பாதங்கள் முன்னே சென்று மீளுமாறு போன்றது அக்காட்சி என்கின்றார் அவர். முன்னையோர் அடிக்கு நாவை உவமித்தனர். இவர் நாவுக்கு அடியை உவமித்தார். பழைய வழக்கைத் தலைகீழாக்கி வெற்றித்திருவின் அடியாக்கிய இவ்விடம் ஒன்றே, சேக்கிழார் தொன்னூல் வேட்டை மரபை உளங்கொண்டே இப்பகுதியைப் பாடினார் என்று கருதுதற்குச் சாலும்.

அடுத்து வருவது வலை. விலங்குகளை வளைத்தற்குரிய நெடிய வலைகளைச் சுமந்து மலைவாணர் முன்னே நடக்கின்றனர். யாருக்கு முன்னே? பற்றென்னும் வலையின் பிணிப்பைத் துணிப்பதற்குச் செல்லுகின்ற ஐயருக்கு முன்னே என்கின்றார் கவி. திண்ணனார் தாம் எதற்குச் செல்கின்றார் என்பதை அறியார். உடன் செல்லும் நாணனும் காடனும் அறியார். தந்தை நாகனும் அறியான். கவியும் கற்பாரும் மட்டுமே அறிவர். வலை என்னும் சொல் இங்ஙனம் ஒருமுறை இருபொருள் பயந்துவிட்ட பின்னரே காட்டினுள் வேட்டை தொடங்குகின்றது. ஆகவே, பின்னர் வரும் நாயுவமை எதிர்பாராது வீழ்ந்த உபதேசம் அன்று. முன்னமே விதைக்கப்பட்டதன் விளைவு. நாய்களைப் பிணித்த கயிற்றைப் 'பாசம்' என்று கூறியதையும் இதனோடு சேர்த்து எண்ணுவார் உளர். ஆயினும் கயிற்றுக்கு அஃது இயல்பான பெயராதலின், அதன்மேல் மும்மலத்தையும் ஏற்றி உரைப்பது மிகை.

இனி உவமை. தொல்காப்பியனார் உவமையியலில், உவமை பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்றார். அதற்கு நிலைக்களமாகச் சிறப்பு, நலன், காதல், வலி என்னும் நான்கினையும் கூறினார். பொதுவாகக் கண்ணாற் காணப்படுவதைக் கொண்டு காணப்படாததை விளக்குதலே ஆசிரியர் வழக்கம். பொறிகளின் தடுப்பை விளக்கவந்த ஒருவர் வேட்டை நாயை உவமை கூறுதல் எளிது. சேக்கிழார் செய்ததோ அதன் மறுதலை. இச்செய்யுளிற் பொருள் நாய், உவமை பொறி. நாயின் செயலை அறியாதார்க்குப் பொறியின் செயலைக் காட்டி அறிவிக்கின்றார். அவர் முன்னிருந்தார் யாவர்? 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே அநபாயன் என்பர். அவன் அவையினரும் தில்லையிற் கூடிய அடியவரும் காட்டுவேட்டையிற் பழகியவரல்லர். ஐம்பொறியோடு போராடிப் பழகியவர். அவர்க்கு நன்கு தெரிந்தது பொறியின் வலியே. வலி நிலைக்களமாகப் பிறந்த உவமைக்கு இதனினும் பொருந்துவது அரிது.

இச்செய்யுளில் வரும் 'புலன்' என்னும் சொல்லே இடர்ப்பாடு விளைப்பது. அதனை ஐம்புலன் என்று கொண்டு, புலன்களின்பாற் செல்லும் மனத்தைப் பொறிகள் தடுத்தன எனப் பொருள் உரைப்பின் உவமை முழுதும் சிதையும். புலன்வழிச் செல்லும் மனத்தைப் பொறி தடுத்தல் யாண்டும் இல்லை; வாயில் திறந்து விடுதலன்றோ அதன் இயல்பு? அன்றியும், தடுத்தல் அங்ஙனமாயின் பொறிகள் நன்மை செய்தனவாகும். வலையை நீங்கிய விலங்கை மறித்த நாய்க்கு அது சிறிதும் ஒவ்வாது. ஆகலின் ஈண்டுப் புலன் என்பது அறிவு. நன்னெறியிற் சேர்ந்த அறிவினைப் பொருந்திய மனம் என்பதே கருத்து. இங்ஙனம் கொண்டால்தான் விலங்கு மனமாகவும், வலை இருவினையாகவும், நாய் பொறியாகவும் மூன்றும் தத்தம் நிலையில் நிற்கும்.

மூன்றும் நின்றபின் ஓர் உண்மை புலனாகின்றது. வலையும் நாயும் ஒரு தொழிலன. அல்ல, அவ்விரண்டின் இடமும் வேறு, காலமும் வேறு. சேக்கிழார் கூறும் நாய் வலையினுட் கிடக்கும் விலங்கைப் பற்றுவதன்று. அச்சத்தாற் பல வழிகளிலும் ஓடி, வலையை அறுத்து நுழைந்து, வெளியேறத் தலைப்பட்ட விலங்கையே அது மறிக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையின் நாய் முயலை எழுப்பி வலைக்குட் செலுத்துவது; சேக்கிழாரின் நாய் வலை தவறியதைத் திருப்புவது. சிறு முயலுக்கு வலை போதும். வலையை அறுக்க வல்ல மாவுக்கு அதன் புறத்தே நாயும் வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்தே கவி உவமையை அமைத்தார். வினை உயிரைக் கட்டிவைக்கும். கட்டினுள்ளே கிடக்குந் துணையும் உயிர் பொறியின் பகைமையை அறியாது. அதனை உறவென்றே கருதும். கட்டுத் தளர்ந்து நெறி தெரிந்து ஓரடி எடுத்துவைக்கும் அப்பொழுதே பொறி பல்லைக் காட்டும். நோன்பு தொடங்கிய நாளிற் பசி மிகுதலும், ஐந்தெழுத்தை எண்ணத் தொடங்கிய நொடியிற் செவி தெருவுக்கு ஓடுதலும் யாவரும் அறிந்தவை. முயன்றவனே தடையை அறிவான். பொறிகள் உயிரைக் கட்டும் என்று பொதுவகையாற் கூறாது, கட்டு நீங்குமிடத்தே மறிக்கும் என்று இடஞ் சுட்டிக் கூறியதே இவ்வுவமையின் உயிர்நிலை.

கன்னடம், வடமொழி முதலியவற்றிலும் இத்தகைய வேட்டை வருணனை உண்டென்றும், காப்பிய உறுப்பு நிரப்புதற்கே சேக்கிழாரும் இதனைப் பாடினாரென்றும் கூறுவார்க்கு விடை வேண்டுவதில்லை. உறுப்பு நிரப்புவார்க்கு வலை அற்ற இடம் யாது, நாய் நின்ற இடம் யாது என்னும் கவலை இராது.

பொறிகளைக் குறித்து மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் உரைத்ததும் ஒப்புநோக்கத்தக்கது. ஐம்புலன்களை அவர் வேடராக்கினார். வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரன் போல உயிர் ஐம்புலனிடை அயர்ந்து கிடக்க, இறைவன் குருவாய் வந்து உணர்த்துகின்றான் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. ஒரு நூற்றாண்டு முற்பட்ட சேக்கிழார் பொறிகளை வேடராக்காது நாயாக்கினார். இரண்டும் ஒன்றெனக் கூறிவிடுதல் எளிது; உண்மை அதுவன்று. மெய்கண்டார் கூறவந்தது மயக்கத்தை. அதற்கு உறவுபோல் வளர்க்கும் வேடர் வேண்டும். சேக்கிழார் கூறவந்தது தடையை. அதற்கு நாய் வேண்டும். வேடன் தன் கருத்தால் ஒன்றைச் செய்வான். நாயோ தன்னைப் பற்றிய கை விடுத்த வழியே பாயும், அழைத்தால் மீளும். கருவிகள் தாமே அறிந்து இயங்குவன அல்ல, செலுத்துவாரால் இயங்குவன என்னும் சித்தாந்தத் துணிபுக்கு நாயே நெருங்கியது.

அங்ஙனமாயின் கயிற்றைப் பற்றிய கை யாருடையது? வலையை விரித்தவன் யாவன்? விலங்கு மனம், வலை வினை, நாய் பொறி என்று எண்ணி வருவார்க்கு இவ்வினா இயல்பாகவே எழும். வினையை ஊட்டுவான் இறைவனாதலின் அவனே வேடன் என்று விடை கூறப் புகுவாரும் உண்டு. கவி அதனைக் கூறவில்லை. உவமை எவ்விடத்து நிற்கின்றதோ அவ்விடத்தே கற்பானும் நிற்றல் வேண்டும். மேலும், இவ்வேட்டுவர் கொடிய விலங்குகளைக் கொல்வதன்றி யானைக்கன்று, சிறு குட்டி, சூல்கொண்டு அடி தளர்ந்த பிணை ஆகியவற்றைத் தீண்டார் என்று சேக்கிழார் தனிச்செய்யுளே பாடியிருக்கின்றார். அவ்வறம் வேடரது நெஞ்சில் உள்ளது. நாய்க்கு அஃது இல்லை. அடர்ந்த புதலில் சூல்கொண்ட பிணையென்றும் கொடிய கேழலென்றும் அதன் மூக்குப் பகுத்தறியாது. அதனாலன்றோ அதன் கழுத்திற் கயிறும், கயிற்றைப் பற்ற வலிய கையும் வேண்டப்பட்டன.

இனிப் பன்றி. இதுகாறும் கூறிய வலையும் நாயும் வில்லும் எல்லாம் பயனிலவாக ஒரு பன்றி எழுகின்றது. முகிலென முழங்கி, விழியில் தீப்பொறி சிதற, செறிந்த வலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றது. அதனை நாய் மறித்ததாகக் கவி கூறவில்லை. கூட்டம் முழுதும் பின்தங்க, திண்ணனாரும் அவரை நீங்காத நாணனும் காடனும் மட்டுமே அதனைத் தொடர்கின்றனர். நெடுந்தொலைவு ஓடிய பன்றி ஒரு குன்றின் அடிவாரத்தில் மரச்செறிவினுள்ளே வலியொடுங்கி நிற்கின்றது. அம்பு தொடுக்க நினையாது உடைவாளை உருவி இரு துணியாக்குகின்றார் திண்ணனார். எயினர்க்குப் பன்றி வாயாதவழி முயல் என்பது பழைய ஒழுங்கு. ஈண்டோ வலையும் நாயும் கொண்ட வேட்டை முன்னே நிகழ்ந்து, அவற்றுக்கு அடங்காத பன்றி பின்னே வந்து, வேடனையே வேட்டைக்களத்தினின்றும் பிரித்துக் கொண்டுபோகின்றது. அப்பன்றியை ஆணவமலம் என்று உரைப்பாரும் உளர். கேட்க இனிதே, ஆயினும் அப்பன்றியின் ஊனைத் தீயிற் காய்ச்சிச் சுவைபார்த்துக் குடுமித்தேவர்க்கு அமுதாக வைத்தார் நாயனார் என்பதனை நினையுமிடத்து அவ்வுரை தடுமாறும். ஆணவத்தை இறைவனுக்கு ஊட்டினார் என்றல் யாங்ஙனம்? பன்றி பன்றியாகவே இருக்கட்டும். சேக்கிழார் உவமை வேண்டுமிடத்து உவமை கூறினார். வேண்டாவிடத்து விலங்கை விலங்காகவே ஓடவிட்டார்.

பொறியைப் பற்றி வேட்டையிற் கூறியதனை அவர் பின்னர் மறந்தாரல்லர். வலையும் நாயும் பின்னே கிடக்க மலையேறிய திண்ணனார்க்குக் கை, வாய், குடுமி யாவும் வழிபாட்டுக் கருவிகளாயின. வாயிற் கொணர்ந்த நீரே திருமஞ்சனம். தலையிற் செருகிய பூவே பள்ளித்தாமம். நாவிற் சுவைத்து நல்லதென்று கண்ட ஊனே திருவமுது. வேட்டை நாளில் நெறியை மறித்தனவென்று இழித்துக் கூறப்பட்ட அப்பொறிகளே ஈண்டு நெறியாய் நின்றன. பசுகரணம் சிவகரணமாதல் என்று சித்தாந்த நூல்கள் இலக்கணங் கூறும் நிலை இது. சேக்கிழார் இலக்கணச் சொல்லொன்றும் கூறாது செயலாற் காட்டினார். ஆறாம் நாள் குடுமித்தேவரது திருக்கண்ணிற் குருதி பெருகிற்று. மருந்து தேடியலைந்தும் அது தீரவில்லை. ஊனுக்கு ஊன் என்னும் பழமொழி நினைவில் எழ, காட்டிற் புதலைத் துருவி விலங்கின் தடம் பார்த்துப் பழகிய தம் கண்ணில் அம்பினை ஊன்றி அகழ்ந்து, அப்பொறியினைத் தம் கையாலேயே எடுத்து அப்பினார் நாயனார்.